இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. இருதய ஆராய்ச்சியைத் தொழிலாக எடுக்கலாமா?

எழுவான்கரைப் பிள்ளை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு இப்போது உள்ளகப் பயிற்சியில் இருக்கிறேன். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இருதயம்தான் விருப்பம். ஆனால் கிளினிக்கில் இருந்து மருந்து எழுதுவதோடு நிற்காமல் ஆராய்ச்சியையே முழுநேர வேலையாகச் செய்ய ஆசை. வார்டில் இதைச் சொன்னபோது ஒரு சீனியர், "நோயாளியைப் பார்க்கப் பிடிக்காத ஆட்கள் செய்யிற வேலை அது" என்றார். அப்பா ஒரு போடியாரின் வயலில் பாடுபட்டு என்னைப் படிக்க வைத்தவர். அவருக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று விளங்கவில்லை. அம்மா, வெளிநாட்டுக்குப் போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று பயப்படுகிறா.

இந்த எண்ணம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து 46 வயது ஒருவரைப் பின்னேரம் கொண்டுவந்தார்கள். நெஞ்சு நோ தொடங்கியது விடியப்புறம். இஞ்சித் தேத்தண்ணி குடித்திருக்கிறார், காஸ், அதாவது வாய்வு, என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார், அதோடு வயலுக்குத் தண்ணி கட்டவும் போயிருக்கிறார். வந்து சேரும்போது 11 மணித்தியாலம் கடந்துவிட்டது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றினோம். ஆள் பிழைத்தார். ஆனால் எக்கோவில் பார்த்தால் இருதயத்தின் முன்சுவர் அசையவே இல்லை. அவருடைய மனைவி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மாத்திரைக் கார்டை அவிழ்த்து எடுத்து, "இதைத்தான் குடுத்தன் டொக்டர், பிழையா?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் 11 மணித்தியாலம்? இப்படி எத்தனை பேர்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தன் காலத்தை ஓட்ட முடியுமா? யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலத்தடி எழுதுகிறார்:

தங்கச்சி, வழியை மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும். நம்ம நாட்டில் முழுநேர ஆராய்ச்சியாளர் என்று தனியாகப் பதவிகள் குறைவு. அநேகமாக எல்லாரும் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒன்று, கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. செய்து, இருதயவியலில் சீனியர் றெஜிஸ்ட்ரார் பயிற்சி முடித்து, வைத்திய நிபுணராக வருவது. அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி வெளிநாட்டில் இருக்கும். மற்றது, மருத்துவ பீடத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து பி.எச்.டி. செய்வது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் சமுதாய மருத்துவமும் பொருந்தும் போலிருக்கிறது. அதையும் யோசியுங்கள். நான் முதலாவது வழியில் போனவன். வார்ட் வேலையும் ஓன்கோலும் போக மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய்வது மிகவும் கஷ்டம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மண்டூரான் எழுதுகிறார்:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நானும் படுவான்கரை, மண்டூர். இப்போது இங்கிலாந்தில் இருதய மருந்துப் பரிசோதனைகளில் வேலை செய்கிறேன். இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது.

1988 மாசி மாதம் என்னுடைய அப்பாவுக்கு நெஞ்சு இறுகியது. இரவு சாப்பிட்டுவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், எழும்பி உட்கார்ந்து, "யாரோ நெஞ்சில ஏறி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். வியர்வையில் சாரம் முழுக்க நனைந்துவிட்டது. வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போகும் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) அந்த நேரத்தில் ஓடாது. தோணி தேடி, ஆள் தேடி, வாவியைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. நான் தோணியில் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு 49 வயது.

அதே 1988ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் லான்செட் சஞ்சிகையில் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளிவந்தது. பேராதனையில் மூன்றாம் வருசம் நூலகத்தில் அதை எடுத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த வருசம்தான். 17,187 மாரடைப்பு நோயாளிகளை நாலு கூறாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூறுக்கு அஸ்பிரின், ஒன்றுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒன்றுக்கு இரண்டும், மற்றதற்கு இரண்டும் இல்லை. ஐந்து வாரத்தில் இரண்டும் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 13 பேர் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்திருந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 8 பேர். அஸ்பிரின் எங்கள் வீட்டுச் சாமி அறைத் தட்டிலேயே இருந்த மாத்திரை, தலையிடிக்குப் போடுவது. அன்றைக்கு அந்த நூலகத்தில் அழுதேன். நான் எந்தப் பக்கம் போவது என்பதும் அங்கேதான் முடிவானது.

உங்கள் 11 மணித்தியாலக் கேள்விக்கு அதற்கும் இரண்டு வருசம் முந்தியே ஒரு விடை இருந்தது. 1986இல் இத்தாலியில் ஜிஸ்ஸி என்ற ஆய்வில், நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களிடம் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. நேரம் போகப் போக அந்தப் பலன் தேய்ந்துகொண்டே வந்தது. ஆகவே மருந்து தெரியும், நேரத்தின் பெறுமதியும் தெரியும். மண்டூரிலும் வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் அந்த நேரம் எந்த இடத்தில் ஒழுகிப் போகிறது என்பதைக் கணக்கெடுக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டிலா? கடையிலா? வாகனம் தேடுவதிலா? ஆஸ்பத்திரி வாசலிலா? ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. அந்தச் சீனியர் சொன்னதை விட்டுவிடுங்கள். அந்த மனைவியின் கையிலிருந்த மாத்திரைக் கார்டைக் கவனித்தவர் நீங்கள்.

ஒரு ஆராய்ச்சியாளரின் காலம் எப்படி ஓடும் என்று காட்ட ஒருவரைச் சொல்கிறேன். சலீம் யூசுப். 1952இல் கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, றோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட் போனார். அங்கே பீற்றர் ஸ்லெய்ட் என்ற இருதய மருத்துவரிடம் பட்டம் செய்தபோதுதான், மாரடைப்புக்கு உடனே பீட்டா புளொக்கர் (இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) கொடுத்தால் உயிர் தப்புமா என்ற கேள்வியில் மாட்டினார். சில நூறு பேரை வைத்து இதற்கு விடை காண முடியாது, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று புள்ளிவிபரக்காரர் றிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து முடிவெடுத்து, ஐசிஸ் பரிசோதனைகளைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1984இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், 1992இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் 52 நாடுகள். எங்கள் நாடும் அதில் இருந்தது. புகை, கொலஸ்ட்ரோல், பிரஷர், சீனி வருத்தம், தொந்தி, மன அழுத்தம், மரக்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி குறைவு, மது பாவிக்கிறாரா இல்லையா என்பது ஆகிய ஒன்பதும் சேர்ந்தே முதல் மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு 59 என்பதும் அந்தத் தரவிலிருந்தே வந்தது. அப்பாவின் 49ஐயும் உங்கள் நோயாளியின் 46ஐயும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, என்னுடைய வேலை எப்படி இருந்தது என்றும் சொல்கிறேன், அழகாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். பி.எச்.டி.யின் முதல் 14 மாதமும் ஈ.சி.ஜி. தாளும் கவராயமும்தான். ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீற்றர், அகலவாக்கில் அது 0.04 செக்கன். ஒவ்வொரு தாளிலும், மாரடைப்பில் மேலே எழும்பும் எஸ்.டி. கோடு எத்தனை கட்டம் உயர்ந்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து கொடுத்தது என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் நான் விரும்புகிற பக்கம் கண் அரைக் கட்டம் சாய்ந்துவிடும். பிறகு சில வருசம், இறந்தவர்களின் கோப்பை வாசித்து இது இருதயத்தால் வந்த மரணமா இல்லையா என்று தீர்மானிக்கும் குழுவில் இருந்தேன். அங்கேயும் அப்படித்தான், மருந்தின் பெயரை மறைத்துவிட்டுத்தான் கோப்பு வரும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு தோணிப் பயணம் இருக்கும் என்று நினைத்துத்தான் வாசிப்பேன்.

ஐசிஸ்-2இல் இன்னொரு விசயம், நம்ம ஆட்களுக்கு உடனே விளங்கும். சஞ்சிகைக்காரர் நோயாளிகளை இன்னும் சின்னச் சின்னக் கூறாகப் பிரித்து முடிவு கேட்டார்கள். அப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்று காட்ட, ஆய்வாளர்கள் பிறந்த திகதிப்படி இராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் கொஞ்சம் கெடுதி என்று வந்தது! மற்ற இராசிகளுக்கு நல்ல பலன். எவ்வளவு பெரிய ஆய்வானாலும் துண்டு துண்டாக வெட்டினால் பொய்யும் உண்மை போல எழும்பி நிற்கும் என்று அச்சிலேயே காட்டிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடைசியாக மொழி. ஊரில் பிறந்த உங்களுக்குத்தான் இது கைவரும். ஒருமுறை தமிழில் மொழிபெயர்த்த கேள்வித்தாள் ஒன்று பார்வைக்கு வந்தது. மனநிலை பற்றிய பகுதியில் "உங்களுக்கு வருத்தம் இருக்கிறதா?" என்று இருந்தது. எழுதியவர் கவலையை நினைத்து எழுதியிருக்கிறார். மட்டக்களப்பில் போய் அதைக் கேட்டால் என்ன பதில் வரும்? "ஓம், பிரஷரும் சீனியும் இருக்கு" என்று வரும். அந்த ஒரு சொல்லால் ஒரு பக்கத் தரவு முழுவதும் பிழைத்திருக்கும். நெஞ்சு நோ என்ற சொல்லும் அப்படித்தான். பாதிப் பேர் நோ என்று சொல்லவே மாட்டார்கள். இறுக்குது, அடைக்குது, எரியுது, காஸ் குத்துது, கை உளையுது. இதையெல்லாம் தெரிந்த ஒருவர் கேள்வித்தாளை எழுத வேண்டும்.

லீவில் வந்திருந்தபோது ஒரு பெரியம்மாவுக்கு மருந்துப் பரிசோதனையை விளங்கப்படுத்தப் பார்த்தேன். யாருக்கு எந்த மருந்து என்று டொக்டர் தெரிவு செய்வதில்லை, குலுக்கித்தான் கொடுப்போம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோயில்ல திருவுளச்சீட்டுப் போடுற மாதிரியா மனே?" என்று கேட்டா. அதற்குப் பிறகு தமிழில் யாருக்கு விளங்கப்படுத்தினாலும் அந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறேன்.

சம்மாந்துறை ஆய்வுகூடம் எழுதுகிறார்:

மண்டூரான் அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் உயிர்இரசாயனம் படித்தவன். ஆய்வுகூடப் பக்கத்தையும் ஒரு வாசல் என்று வையுங்கள்.

கொலஸ்ட்ரோலைக் குறைக்க நீங்கள் தினமும் எழுதும் ஸ்டற்றின் மாத்திரையின் மூலம் நெல்லோடு சம்பந்தப்பட்டது. அக்கிரா எண்டோ, 1933இல் ஜப்பானின் அக்கிற்றா மாகாணத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே பூஞ்சைகளில் ஆசை. உடல் கொலஸ்ட்ரோல் செய்வதைத் தடுக்கும் பொருள் ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி 1971இல் தேடத் தொடங்கினார். ஏறத்தாழ 6,000 வகையைச் சோதித்த பிறகு, கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்த பச்சைநீலப் பூஞ்சையில் அது கிடைத்தது. எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரோல் குறையவில்லை. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். முட்டையில் கொலஸ்ட்ரோல் நிறைய இருக்கிறதே என்று முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குறைந்தது. அவருடைய பொருள் மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை. அதே வழியில் போன லோவாஸ்டற்றின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994இல் 4,444 நோயாளிகளில் செய்த ஸ்கண்டிநேவிய ஆய்வு, சிம்வாஸ்டற்றின் இறப்பையே 30 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. தேடத் தொடங்கி 23 வருசம்.

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் அரிசி ஆலை இல்லாத ஊர் எது? ஈரம் பட்ட மூட்டையில் நீலம் பூத்திருந்தால் கொட்டிவிடுகிறோம். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எண்டோவை நினைப்பேன். தங்கச்சி, உங்களுக்கு அப்பா பாடுபட்ட வயல் இருக்கிறது, அங்கேயிருந்தும் இருதயத்துக்கு வழி போகிறது.

அக்கரைப்பற்றுத் தாதி எழுதுகிறேன்:

டொக்டர் தங்கச்சி, நான் 22 வருசமாகத் தாதி, அதில் பாதி கிளினிக்கில். ஆராய்ச்சிக்காரர் எங்களையும் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன். கிளினிக் கொப்பியைப் பார்த்தால் பிரஷருக்கு மூன்று மருந்து ஒழுங்காக எழுதியிருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பொலித்தீன் பையைத் திறந்து பார்த்தால்தான் எது குறைந்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று தெரியும். ஒரு உம்மா எனக்குக் காட்டினா, வெள்ளை மாத்திரை எல்லாம் முடிந்திருக்கிறது, மஞ்சள் ஒன்றும் தொடவில்லை. "அது சூடு மகள், வயித்தக் காந்துது" என்றா. நோன்பு மாதத்தில் இன்னும் மோசம், இரண்டு நேர மருந்து ஒரு நேரமாகிவிடும்.

நம்ம நாட்டிலேயே இதற்கு நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்து ஆட்கள் சேர்ந்து செய்த ஒன்று 2018இல் வந்தது. 700 நோயாளிகள், மூன்று பிரஷர் மருந்தையும் அரை அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுப்பட்டது, வழமையான வைத்தியத்தில் 55 பேருக்குத்தான். 2020இல் இன்னொன்று, இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றிலும் 30 கிராமப்புற இடங்களில். ஏற்கெனவே அரசாங்க வேலையில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். இரண்டு வருசத்தில் மற்ற இடங்களைவிட பிரஷரின் மேல் அளவு 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. இதைச் செய்தது பெரிய மெசின் ஒன்றும் இல்லை, வீட்டு வாசலுக்குப் போன ஆட்கள்.

நீங்கள் இந்தப் பக்கம் ஆய்வு தொடங்கினால் அக்கரைப்பற்றில் நான் உதவிக்கு நிற்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எழுவான்கரைப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. மண்டூர் அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி வாசித்துவிட்டு நேற்று இரவு நித்திரை வரவில்லை. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "குருமண்வெளித் துறை தெரியும், நெல் ஏத்திப் போன இடம்" என்று மட்டும் சொன்னார். பிறகு விடிய எழும்பி, "அந்தக் கணக்கு எடுக்கிற வேலையைத்தான் நீ செய்யப் போறியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். தலையாட்டினார்.

ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். நோ தொடங்கிய நேரம், முதல் செய்த காரியம், வாகனம், வந்து சேர்ந்த நேரம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து எழுதத் தொடங்கலாமா? ஒரு சிக்கலும் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "தெரியா டொக்டர்" என்கிறார்கள்.

மண்டூரான்:

நாளைக்கே வேண்டாம் தங்கச்சி. வைத்தியத்துக்காக பெட்ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் வார்ட் குறிப்பில்) எழுதுவது உங்கள் கடமை, அதைத் தாராளமாக எழுதுங்கள். ஆய்வுக்கென்று தனியாகச் சேர்ப்பதற்கு முன் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் பீடத்திலேயே விசாரியுங்கள், இரண்டு பக்கத்தில் திட்டம் எழுதுங்கள், வழிகாட்ட ஒரு விரிவுரையாளரைப் பிடியுங்கள். கொப்பியில் நோயாளியின் பெயர் வரக்கூடாது, இலக்கம் மட்டும். திட்டத்தின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், சிவப்புப் பேனையோடு காத்திருக்கிறேன்.

நேரத்தை மணிக்கணக்கில் கேட்காதீர்கள். இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த ஆளுக்கு மணிக்கூடு பார்க்கத் தோன்றாது. அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். சுபஹு பாங்கு சொன்னதா, கோயில் மணி அடித்ததா, கடைசி பஸ் போய்விட்டதா, பால்காரன் வந்தானா, மாடு அவிழ்த்தாயிற்றா. பிறகு நீங்கள் அதை மணியாக மாற்றி எழுதலாம். பக்கத்தில் இருந்த ஆளிடம் தனியாகவும் ஒருமுறை கேளுங்கள். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அப்பா எழும்பி உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு றேடியோவில் செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியிருந்தது.